ரோமத் துணி வெட்டுவதில் உதவி தேவை

பொம்மை தைக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு வணக்கம்.

அக்கா மகளின் ஆறாவது பிறந்தநாளுக்காகக் கை, கால், தலை ஐந்தும் தனித்தனியே திரும்பும் கரடிப் பொம்மை தைக்கிறேன். 1902-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்டைஃப் வடிவமைத்தாரே, அதே வகை மூட்டுள்ள கரடி. எவ்வளவு நாளானாலும் கையால்தான் தைப்பேன்.

முதலில் கைகளை வெட்டியபோதே தவறு நேர்ந்தது. துணியை மேசையில் விரித்துப் பெரிய கத்தரியால் வெட்டினேன். அடித்துணியோடு ரோமமும் அறுந்து, தையல் ஓரம் முழுக்க மொட்டையாகத் தெரிகிறது. அட்டை மாதிரியைத் திருப்பிப் போட மறந்ததால் இரண்டும் வலது கையாகவே வந்துவிட்டன. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இப்போது பின்பக்கம் பேனாவால் வரைந்து, ரோமம் படியும் திசைக்கு அம்புக்குறி போட்டு, சிறிய கத்தரியின் முனையை ரோமத்துக்கு அடியில் நுழைத்து அடித்துணியை மட்டும் வெட்டுகிறேன். இது நன்றாக வருகிறது.

மிச்சம் அரை மீட்டர்தான். மூக்கிலிருந்து பிடரிவரை போகும் தலையின் நடுத் துண்டுக்கு அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? பிடரியை நோக்கி என்று நினைக்கிறேன், ஆனால் முகம் கெட்டால் கரடியே கெட்டது. ரோமம் 18 மில்லிமீட்டர் நீளம்; தையலுக்கு 6 மில்லிமீட்டர் விட்டால் போதுமா? பிரியும் விளிம்பில் பசை தடவினால் ஊசி இறங்குமா?

செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தலையை இன்னும் வெட்டவில்லை.