இலங்கை மலையகத் தோட்டத்துப் பழைய இடங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொகவந்தலாவைக்காரன்:
எங்கள் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முந்திய வாரம். வாசல் கருங்கல்லில் 'பெரிய கங்காணி உபயம்' என்று வெட்டி, கீழே வருஷமும் இருக்கும். சின்ன வயதில் அந்த எழுத்துக்குள் விரல் விட்டுத்தான் வாசிப்போம். டைல்ஸ் பதிக்க வந்த கொத்தன் பாஸ் அதன் மேல் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். "கமிட்டியில கேளுங்க தம்பி, எனக்குச் சதுர அடிக் கணக்கு." கரண்டி நிற்கவில்லை. 'உபயம்' மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் போனது. தலைவரிடம் ஓடினால், "மழைக்கு வழுக்குது. கிழவிகள் விழுந்தா நீயா தூக்குவே?" என்கிறார். இன்னும் ஆறவில்லை.

மஸ்கெலியா அக்கா:
தம்பி, கமிட்டியைத் திட்டுவது லேசு. காமன் கூத்து ஆடும் எங்கள் காமன் பொட்டல் இன்றைக்கும் இருப்பதே கமிட்டியால்தான். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றும் நாள், பொட்டல் நடுவில் தோட்டத்து லொறி. கமிட்டியில் இருந்த கூத்து மாஸ்டர் சண்டைக்குப் போகவில்லை. லொறிக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிக் கம்பத்தை ஊன்றி, தப்பு மேளத்தை அடிக்கச் சொன்னார். ஊன்றிய கம்பத்தைக் காமனை எரிக்கும் தகனம் முடியும்வரை யாரும் அசைக்க மாட்டார்கள். டிரைவரும் தோட்டத்துப் பிள்ளைதானே, விடிவதற்குள் லொறியை எடுத்துவிட்டார்.

கம்பளை வாசகன்:
அக்கா சொல்வது கூத்துக்குச் சரி, கல்லுக்குச் சரிவராது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தை இடித்தபோது வாசல் படிக்கல்கூட மிஞ்சவில்லை. கேட்கவும் சட்டம் இல்லை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான். கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள் அது. நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததே அதற்குப் பிறகு. ஆகவே நம் கோயில், லயம், ஸ்டோர் எதுவானாலும் அரசாங்க வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. அதுவரை ஒன்று செய்யுங்கள்: எழுத்துள்ள கல்லை எல்லாம் சாய்ந்த வெயிலில் போட்டோ எடுங்கள், அப்போதுதான் வெட்டு தெரியும். மேலே தாளை வைத்துக் கரியால் தேய்த்தும் எடுக்கலாம். பொதுக்கூட்டம் சம்மதிக்காமல் பழைய கல்லைத் தொடக்கூடாது என்று கமிட்டிக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், தலைவரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பொகவந்தலாவைக்காரன்:
அண்ணே, கல் சீமெந்துக்குள் போன பிறகு எந்த வெயிலில் போட்டோ எடுப்பது? நான் ஆலோசனையா கேட்டேன்?

மஸ்கெலியா அக்கா:
அந்த வருஷம் என்னவென்று ஞாபகம் இருக்கிறதா தம்பி? இருந்தால் முதலில் அதை எழுதி வை.