பெட்ரோல் முள் அடியில் படுத்த பிறகு: செட்டிநாட்டுச் சாலைகளில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஆத்தங்குடிக்காரன்
அப்பத்தாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வாசலில் நின்றது சித்தப்பாவின் கார் மட்டும்தான். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி ஊரைத் தாண்டும்போதே மஞ்சள் விளக்கு எரிந்தது, முள் அடியில் கிடந்தது. வழியில் இருந்த பங்கில் சங்கிலி கட்டியிருந்தார்கள். இறக்கம் வந்த இடத்தில் எல்லாம் நியூட்ரலில் உருட்டினேன். பெட்ரோலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஒரு கண்மாய்க்கரை மேட்டில் வண்டி லேசாக விக்கியது. உடனே பின்சீட்டிலிருந்து, "அந்த ஏசிய அமத்துப்பா, குளுருது" என்று அப்பத்தா சொன்னது.

சித்திரை மாதம். எனக்கு முதுகெல்லாம் வேர்வை. எங்கள் ஐயா ஓட்டிய அம்பாசிடரில் முன்சீட்டில் உட்கார்ந்தே காலம் கழித்தது அப்பத்தா. அதற்குத் தெரியாமல் இருக்குமா? ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி நிற்கவில்லை. அப்பத்தாவும் தேறி வந்து இன்றைக்கும் வெற்றிலை இடிக்கிறது. கேட்டால், "நெசமாவே குளுந்துச்சுடா" என்றுதான் சொல்கிறது. நான் நம்பவில்லை.

பள்ளத்தூர் டெம்போ
உங்களுடையது பெட்ரோல் வண்டி, அதனால் அந்த விக்கலோடு போயிற்று. டீசல் வண்டி காய்ந்து நின்றால் கதையே வேறு. ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போன வண்டி, திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுவிட்டது. முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே இருந்தது, அதுதான் கொடுமை. கேனில் டீசல் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. லைனில் காற்று ஏறிவிட்டது. மெக்கானிக் வந்து ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்க அமுக்க, லூஸ் செய்த ஸ்குரூ வழியாக நுரையாகவே வந்தது. நுரை நின்று சுத்த டீசல் வழிந்த பிறகு, "இப்ப அடிங்கண்ணே" என்றார். இன்ஜின் சத்தம் வரும்வரை வீடு கட்டுகிறவர் போன்மேல் போன்.

கோட்டையூர்
தைப்பூசக் காவடிகள் குன்றக்குடிக்குப் போகிற நாளில், நடக்கிறவர்களுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்து போனேன். முள் கண் முன்னால் இறங்கியது. ஹாரன் அடிக்க மனம் வரவில்லை. நடந்த ஒரு ஆச்சி கண்ணாடியைத் தட்டித் தண்ணீர் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் முதலில் எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூட்ரலில் உருட்டாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி, கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே குடிக்கும். அதோடு ஓடும்போதே இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இளக்கமாக இருக்கும். அப்புறம் ரிசர்வில் ஓட்டுவதே பழக்கமாகிவிடக் கூடாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. முள்ளையும் முழுதாக நம்ப வேண்டாம். டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பியை வைத்துத்தான் முள் நகர்கிறது. மேட்டில் ஒன்று காட்டும், பள்ளத்தில் வேறு காட்டும். மிதவை சிக்கிக்கொண்டால் டெம்போக்காரருக்கு நடந்ததுதான். ஐம்பது, அறுபதில் சீராகப் போங்கள், ஏசியை அணையுங்கள். அப்பத்தா சொன்னது சரிதான்.

ஆத்தங்குடிக்காரன்
ஐயா, மூச்சு வாங்குகிற ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு இதெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

தேவகோட்டை மருமகள்
வாடகைக் கார். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுகிற எண்ணை நம்பித்தான் கல்லல் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போனோம். ஐம்பதுக்கு மேல் இருந்தது. திரும்பும்போது எண் மறைந்து வெறும் கோடு வந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், மடியில் குழந்தை.

பழைய டிவிஎஸ் 50-இல் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். எதுவும் கேட்கவில்லை. தன் வண்டியில் கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபைப் பிடுங்கி, எங்கள் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யச் சொல்லி அதில் பிடித்தார். "ஆயில் கலந்ததும்மா, கொஞ்சம் பொகையும். பயந்துராத" என்றார். காலண்டர் அட்டையைச் சுருட்டிப் புனலாக்கி ஊற்றினோம். புகைந்தது, ஆனால் ஓடியது. என் கணவர் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. அவர் டேங்கில் மிச்சம் இருந்ததா, ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கக்கூட எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு இன்னும் அதுதான் உறுத்துகிறது.

கோட்டையூர்
அந்தக் கலவையை அடிக்கடி ஊற்றினால் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. இதற்காக டிக்கியில் பெட்ரோல் கேன் வைத்துக்கொள்ளவும் வேண்டாம், வெயிலில் ஆவி கிளம்பும்.

பள்ளத்தூர் டெம்போ
அந்த அம்மா பெட்ரோலைப் பற்றி எழுதவில்லை ஐயா, பெரியவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இருக்கட்டும். கல்லலுக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ராத்திரியில் திறந்திருக்கும் பங்க் எது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது.