ஒஹியாவில் ஆறு அறை விடுதி: பூங்கா எல்லைக்கு அருகே கட்டலாமா?

கடலோரம் (வெள்ளவத்தை):
ஒஹியாவில் 80 பேர்ச்சஸ் (அரை ஏக்கர்) காணி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதையிலிருந்து சற்று உள்ளே. பாதிக்கு மேல் சரிவு, மேல்மூலையில் ஓர் ஊற்று. மூன்று பேர் சேர்ந்து ஆறு அறையில் விடுதி போட யோசிக்கிறோம். "பூங்காவுக்கு வெளியேதானே, பிரதேச சபை அனுமதி போதும்" என்கிறார் தரகர். அது சரியா? காட்டைக் கெடுக்காமல், ஊர்ச் சனத்துக்கும் பிரயோசனமாகச் செய்ய வழி உண்டா? முற்பணம் கொடுக்க முன்னர் தெரிய வேண்டும்.

எல்லைக்கல்:
போதாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசியப் பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே தேவை. அதற்குச் சுற்றாடல் ஆய்வறிக்கையும் கேட்பார்கள். ஒஹியா ஸ்டேஷனிலிருந்து சமவெளியில் உள்ள ஃபார் இன் பார்வையாளர் நிலையம் வரை வளைந்து வளைந்து 11 கிலோமீற்றர் வரும். அந்தத் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எல்லை நேர்கோட்டில் மிகக் கிட்ட இருக்கலாம்.

முதலில் உறுதி, அதாவது காணிப் பத்திரம். மலைநாட்டுத் தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம், கம்பனிகளிடம் குத்தகையில் இருப்பது. குத்தகைக் காணியைத் துண்டு போட்டு விற்க முடியாது. உறுதி சரியென்றால், உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் புதிய பிளான் எடுத்து, பூங்கா எல்லையை அதில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிளானோடு பத்தரமுல்லையில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போங்கள்; மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் பத்தரமுல்லையில்தான். ஒஹியா இருக்கும் பதுளை மண்சரிவு அபாய மாவட்டம் என்பதால், பிரதேச சபைக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். அதன் தலைமையகம் கொழும்பு 5, ஜாவத்தை வீதியில். இவையெல்லாம் கையில் வந்த பிறகு பிரதேச சபை. தலைகீழாகப் போனவர்கள் அத்திவாரம் போட்ட பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். முற்பணம் கொடுத்தே தீர வேண்டுமென்றால், அனுமதி கிடைக்காவிட்டால் காசு திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மண்வாசி:
அனுமதி கிடைத்தாலும் சரிவு உங்களை மன்னிக்காது. மலையில் கட்டடம் விழுவதற்கு முதல் காரணம் தண்ணீர் போக வழியில்லாமை. ஜேசிபி விட்டு ஒரே தட்டாக வெட்டினால், பின்சுவரில் 4, 5 மீற்றர் செங்குத்து மண் நிற்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி அதன்மேல் அறை கட்டுவார்கள். மழையில் மேல்மண் ஊறிப் பாரமாகும், கீழே கொட்டிய மண் இறங்கும். இரண்டும் சேர்ந்து போகும்.

வெட்டை 3 மீற்றருக்குள் வைத்து, அறைகளைப் படிப்படியாகத் தூண்களில் நிறுத்துங்கள். வெட்டுக்கு மேலே கல் பதித்த மேல்வடிகால் அவசியம். நீரைப் படிக்கட்டு வடிகாலால் இறக்கி, ஏற்கெனவே உள்ள ஓடையில் மட்டும் விடுங்கள். தாங்குசுவரில் நீர்த்துளை வைத்தால் மட்டும் காணாது. பின்னால் சரளைக்கல் நிரப்பாவிட்டால் மண் அடைத்து, சுவர் அணைக்கட்டுப் போல் நீரைத் தாங்க வேண்டி வரும்.

மலசலகூடக் குழியும் அதே கதை. சரிவின் விளிம்பில் ஊறுகுழி வெட்டினால் நாள்தோறும் 3,000 லீற்றர் நீரை மண்ணுக்குள் ஊற்றுகிறீர்கள். ஒஹியா 1,770 மீற்றருக்கு மேல். குளிரில் கிருமிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும், கொழும்புக் கணக்கில் கட்டிய தொட்டி அங்கே சிறிது. இரண்டு அறைத் தொட்டியாக, இரண்டு நாள் நீர் தங்கும் அளவில் கட்டி, வெளியேறும் நீரை அடிப்பகுதி கசியாத சரளைப் படுக்கையில் கல்வாழை நட்டு அதன் வழியே விடுங்கள். சமையலறைக் கழிவுநீருக்கு, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தனிப் பொறி.

ஒரு மழைமானி வாங்கி வையுங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100இல் ஆயத்தம், 150இல் வெளியேற்றம். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு வரும்வரை காத்திருக்கவே கூடாது. 2014 ஒக்டோபரில் மண்சரிவு லயன்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) புதைத்த மீரியபெத்தையும் இதே மாவட்டந்தான். முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்.

கடலோரம்:
ஊற்று எங்கள் காணிக்குள்தானே. முழுவதையும் எடுத்தால் என்ன?

தேயிலைச்சரிவு:
எடுக்கவே கூடாது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்தச் சமவெளிப் பக்கத்தில்தான். உங்கள் ஊற்றுக்குக் கீழே லயன் வீடுகளுக்குப் போகும் குழாய் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். கோடையில் 20 லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று அளவுங்கள். 2 நிமிடம் என்றால் நாளுக்கு 14,400 லீற்றர். ஊற்றுத்தொட்டியில் ஊருக்குப் போகும் குழாயை அடியிலும், உங்களுடையதை அதற்கு ஒரு சாண் மேலேயும் வையுங்கள். நீர் குறைந்தால் முதலில் விடுதிக்கு நிற்கும், ஊருக்கு நிற்காது. இதை எழுத்தில் கொடுத்தால் சனம் உங்களை நம்பும்.

ஆனாலும் என் கருத்து, புதுக்காணி வெட்டாதீர்கள். அந்தப் பக்கம் சும்மா கிடக்கும் பழைய பங்களா கிடைத்தால் முறையான குத்தகைக்கு எடுத்துத் திருத்துங்கள். ஏற்கெனவே வெட்டி இறுகிய மண், மரம் விழுத்தத் தேவையில்லை. காசு சிமெந்துக்குப் போகாமல் ஊர் மேசன்மாருக்கும் சமையல்காரருக்கும் வழிகாட்டிகளுக்கும் போகும்.

எல்லைக்கல்:
இதை ஆமோதிக்கிறேன். எதைச் செய்தாலும், வெளியிலிருந்து வரும் ஜேசிபியின் சக்கர மண்ணைக் கழுவிய பிறகே மேலே ஏற்றுங்கள். கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி சமவெளியில் ஏற்கெனவே பரவிவிட்டது. விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தோட்டத்தில் அழகுக்கு அந்நியச் செடி வேண்டாம். நாயும் பூனையும் வேண்டாம். வெளி விளக்குகள் கீழ்நோக்கி, மஞ்சள் ஒளியில், பத்து மணிக்கு மேல் அணைய வேண்டும். குப்பை மூடிய இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். மரை மான்கள் பொலித்தீனைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடும்.