இலவமும் கோகோவும் சணலும் வெண்டையின் குடும்பத்தில் சேர்ந்தது எப்படி?

முதுகலை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ள பழைய அட்டைகளைப் புதிய வகைப்பாட்டின்படி திருத்தி எழுதி வருகிறேன். வெண்டையும் பருத்தியும் மால்வேசி, இலவம் பாம்பகேசி, கோகோவும் வலம்புரியும் ஸ்டெர்குலியேசி, சணல் டிலியேசி என்று அவற்றில் எழுதப்பட்டுள்ளது. இப்போது இவை அனைத்தும் மால்வேசிக்குள் வந்துவிட்டன. மகரந்தத்தாள்கள் ஒரே குழலாக இணைந்து, மகரந்தப்பை ஓரறை கொண்டிருந்தால் மால்வேசி; தாள்கள் தனித்தனியாகவும் மகரந்தப்பை ஈரறையாகவும் இருந்தால் டிலியேசி என்று கற்றவள் நான். இவ்வளவு தெளிவான வேறுபாடுகள் இருக்கும்போது ஏன் ஒன்றாக்கினார்கள்? இது பெயர் மாற்றம் மட்டும்தானா, உறவைப் பற்றிய புரிதலே மாறியிருக்கிறதா?

வேர்நாடி:
உறவைப் பற்றிய புரிதலே மாறியிருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட வேறுபாடுகள் உண்மையானவை. அவற்றை வைத்து வரைந்த எல்லைகள்தாம் நிற்கவில்லை. 1998இல் மூடுவிதைத் தாவர இனப்பரிணாமக் குழு தன் முதல் வகைப்பாட்டிலேயே நான்கையும் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த பசுங்கணிக மரபணு ஆய்வுகள் உட்கிளைகளைத் தெளிவாக்கின. பழைய ஸ்டெர்குலியேசி ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த குழுவே அன்று என்பது அவற்றில் தெரிந்தது. கோகோவுக்கு நெருங்கிய உறவு அதே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த ஸ்டெர்குலியா மரங்கள் அல்ல, டிலியேசியில் இருந்த சணலின் கிளைதான். இலவத்தோடு பாம்பகேசியில் வைக்கப்பட்டிருந்த டுரியானோ, வலம்புரியின் கிளையில் போய்ச் சேர்ந்தது. பழைய நான்கு குடும்பங்களில் மூன்றின் உறுப்பினர்கள் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, அந்த எல்லைகளைக் காப்பாற்ற வழியே இல்லை.

மரபணுவை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒரு வெண்டைப் பூவின் இதழ்களை நீக்கிவிட்டு, புல்லி வட்டத்தின் (இதழ்களுக்கு வெளியே உள்ள உறையின்) உட்புற அடியைக் கைலென்சால் பாருங்கள். நெருக்கமாக நிற்கும் சிறு சுரப்பு மயிர்களாலான ஒரு திட்டு ஈரமாக மினுங்கும். தேன் அங்கேதான் சுரக்கிறது. பெரும்பாலான பூக்குடும்பங்களில் தேன்சுரப்பி சூலகத்தை ஒட்டிய வட்டாக இருக்க, இங்கு அது மயிர்களின் திட்டாக, பெரும்பாலும் புல்லியிதழின் உட்பக்கத்தில் அமைகிறது. விண்மீன் வடிவ மயிர்கள், வழவழப்பான கூழ், நார்ப்பட்டை ஆகியவற்றையும் இந்தக் குடும்பம் முழுவதும் பரவலாகக் காணலாம். மகரந்தத்தாள்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் இந்த ஒற்றுமைக்கு உரிய இடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

களப்பணியாளர்:
வேர்நாடி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் களத்தில் வேலை செய்பவருக்கு இவ்வளவு பெரிய குடும்பம் சிரமத்தையே தருகிறது. 'மால்வேசி' என்று மட்டும் எழுதினால் பெருக்கமரத்தையும் துத்தியையும் அது வேறுபடுத்திக் காட்டாது. அதனால்தான் இதன் கிளைகளைத் தனித்தனிக் குடும்பங்களாக உயர்த்த வேண்டும் என்று வாதிட்ட வகைப்பாட்டியலாளர்களும் உண்டு. அதுவும் உறவுமுறைக்கு முரணானதன்று. பெரும்பான்மையோர் ஒரே குடும்பமாக வைத்து, அதற்குள் ஒன்பது துணைக்குடும்பங்களைக் கொள்கிறார்கள். அம்மா, அட்டையில் துணைக்குடும்பத்தையும் தவறாமல் எழுதுங்கள். பழைய பெயரை அழிக்க வேண்டாம். இன்னொன்று: 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர்களான பெந்தமும் ஹூக்கரும் இலவத்தை மால்வேசிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இலவமும் பருத்தியும் அடுத்தடுத்த கிளைகள் என்று இன்றைய மரபணு ஆய்வும் சொல்கிறது.

முதுகலை மாணவி:
இருவருக்கும் நன்றி. கோகோவும் பருத்தியும் ஒரே குடும்பம் என்றால், கோகோவில் 20 குரோமோசோம்களும் சாகுபடிப் பருத்தியில் 52 குரோமோசோம்களும் இருப்பது எப்படி?

பருத்தி மரபியல்:
இரண்டு வெவ்வேறு காலத்து நிகழ்வுகளை இதில் பிரித்துப் பார்க்க வேண்டும். கோகோவின் வழியிலிருந்து பிரிந்த பிறகு, ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பருத்தியின் மூதாதையில் மரபுத்தொகை (மரபணுக்களின் முழுத் தொகுதி) ஐந்தாறு மடங்காகப் பெருகியது. பெருவின் காட்டுப் பருத்தியான காசிப்பியம் ரைமாண்டியையின் மரபுத்தொகையை 2012இல் வெளியிட்டவர்கள் கண்டது இது. பிறகு குரோமோசோம்கள் உடைந்தும் இணைந்தும் குறைந்து, 13 இணைகளாக நிலைத்தன. கோகோவின் வழியில் அத்தகைய பெருக்கம் நிகழவில்லை.

இரண்டாவது நிகழ்வு மிக அண்மையது. கோவில்பட்டிக் கரிசலில் விளையும் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி, காசிப்பியம் ஆர்போரியம் என்ற இருமடிய (இரு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட) இனம். அதற்கு 26 குரோமோசோம்கள்தாம். 52 கொண்ட அமெரிக்கப் பருத்தி, 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், கருங்கண்ணிக்கு நெருங்கிய பழைய உலகத்து (ஆசிய, ஆப்பிரிக்க) மூதாதை ஒன்று அமெரிக்காவின் காட்டுப் பருத்தியோடு கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்ததால் பிறந்த அயல்பன்மடியம், அதாவது இரு வேறு இனங்களின் குரோமோசோம் தொகுதிகளையும் சேர்த்துக் கொண்ட செடி. மனிதர் அக்கண்டத்தில் காலடி வைப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது என்பதால், அந்தப் பழைய உலகத்து மூதாதையின் விதை கடல் கடந்து போயிருக்க வேண்டும். இந்தக் கலப்புப் பிறப்புக்குச் சான்றாக, 1940இல் பருத்தி ஆய்வாளர் பீஸ்லி, ஆர்போரியத்தையும் அமெரிக்கக் காட்டினமான தர்பெரியையும் கலந்து, கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, அந்தச் செடியை அமெரிக்கப் பருத்தியோடு இணைத்துக் காட்டினார்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, நூற்கத்தக்க இழையே இல்லாத அந்த அமெரிக்கக் காட்டுப் பெற்றோரின் குரோமோசோம்களிலும் இழைத் தரத்தைத் தீர்மானிக்கும் பகுதிகள் இருப்பதுதான். கருங்கண்ணியின் வறட்சி தாங்கும் திறனை அமெரிக்க இரகங்களுக்குக் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான் சிக்குகிறது: 26ஐயும் 52ஐயும் நேரடியாகக் கலந்தால் கிடைப்பது 39 குரோமோசோம் கொண்ட மலட்டு மும்மடியம். அதனால் பயிர்ப் பெருக்குநர்கள் அதையும் இரட்டித்து, 78 கொண்ட அறுமடியமாக்கி, அங்கிருந்து அமெரிக்கப் பருத்தியோடு மீண்டும் மீண்டும் பின்கலப்பு செய்ய வேண்டியிருக்கிறது.