படிக்கட்டுக் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகள்: அசோசியேஷனிடம், மாநகராட்சியிடம் என்ன கேட்பது?

வேளச்சேரி_வாசுகி:
நேற்றுக் காலை பால் வாங்க இறங்கினேன், பி பிளாக் படிக்கட்டுக் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஆறுமணிக்குருவி கிடந்தது. பச்சை முதுகு, குட்டை வால், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. கையில் எடுத்தால் உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, உயிர் இல்லை. அண்ணாந்து பார்த்தேன், மோதிய இடத்தில் மாவு அப்பின மாதிரி ஒரு தடம், அதில் ஒரு சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து இது மூன்றாவது. மூன்று மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி, எதிரில் இருக்கும் வேப்பமரம் அப்படியே அதில் தெரிகிறது. உள்ளே திரை போட்டுப் பார்த்தோம், பயனில்லை. "தனியார் கட்டடத்தில் மாநகராட்சிக்கு என்ன வேலை" என்கிறார் செயலாளர். மனசே ஆறவில்லை, வழி சொல்லுங்கள்.

கரும்பருந்து:
அக்கா, திரை உள்ளே இருப்பதால்தான் பயனில்லை. பறவை பார்ப்பது கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தெரியும் மரத்தை, அதனால் அடையாளமும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே மோதும். கண்ணாடி முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வையுங்கள், இல்லையென்றால் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் தள்ளி வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள் (தொளதொளவென்று கட்டினால் அதிலேயே மாட்டிக்கொள்ளும்). இந்தக் குருவிகள் வடக்கேயிருந்து இரவெல்லாம் பறந்து களைத்து வருகின்றன, ஆகவே மொட்டைமாடி விளக்கையும் இந்த இரண்டு மாதம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை உயிரோடு கிடைத்தால் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்புக்குக் கொண்டுபோங்கள், உங்களுக்குப் பக்கம்தானே.

ஸ்காபரோ_தம்பி:
நான் இருப்பது ரொறன்ரோவில். மாநகராட்சிக்கு என்ன வேலை என்று கேட்பவருக்கு இதைக் காட்டுங்கள் அக்கா. இங்கே 1993இலிருந்து ஃப்ளாப் கனடா என்ற தொண்டு அமைப்பினர் விடிய முன்னமே போய் கட்டடங்களின் அடியில் விழுந்த பறவைகளைப் பொறுக்கி, எந்தக் கட்டடம், என்ன பறவை என்று எழுதி வைக்கிறார்கள். அந்தக் கணக்கை முன்னால் வைத்துத்தான் மாநகரசபையோடு கதைக்க முடிந்தது. பறவை மோதாதபடி கண்ணாடி அமைப்பது 2007இல் வழிகாட்டுதலாக வந்தது, 2010இலிருந்து பெரிய புதுக் கட்டடங்களுக்குக் கட்டாய விதி. சிகாகோவில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஒரு மாநாட்டு மண்டபத்தின் கண்ணாடியில் மோதி ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்தன, அடுத்த வருடம் புள்ளி போட்ட படலம் ஒட்டினார்கள், மிகப் பெரும்பாலான சாவு நின்றே போனது. நீங்களும் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், படம், அவ்வளவு போதும்.

மாம்பலம்_மாமி:
தம்பி சொன்ன நோட்டுதான் முக்கியம் வாசுகி. எங்கள் தெருவில் மாஞ்சா நூல் மரத்தில் சிக்கி ஒரு காக்கை இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கியது, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நைலான் மாஞ்சாவுக்கு 2017இலேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டாகிவிட்டது, ஆனால் கிளையில் தொங்கும் நூலை யார் எடுப்பது? எந்த மரம், எத்தனை இடம் என்று பட்டியல் எழுதி மாநகராட்சி உதவி எண் 1913க்குச் சொன்னோம், ஏணி வண்டி வந்தது. எட்டாத கிளையை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், கைக்கெட்டியதைத் தெருப் பிள்ளைகள் கத்தரித்து எடுத்தார்கள். மழைக்கு முன்னால் கிளை வெட்ட வரும்போதும் யாராவது கூட நின்று கூடு இருக்கும் கிளையைக் காட்டுங்கள், சொன்னால் விட்டுவிடுகிறார்கள். நாம் போய் நிற்பதில்லை, அதுதான் குறை.

வேளச்சேரி_வாசுகி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்துக்கு மூன்று பறவைகளின் படத்தோடும் போகிறேன், பிறகு அதே படங்களோடு வார்டு கவுன்சிலரிடம். வெள்ளை பெயிண்ட் பேனா நான்கு வாங்கிவிட்டேன், தரைத்தளக் கண்ணாடிக்கு இன்று மாலை பிள்ளைகளோடு புள்ளி வைக்கிறோம். மேல் இரண்டு மாடிக்குச் சாரம் கட்ட வேண்டும், அந்தச் செலவைத்தான் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.