புதுப்பிப்பு: நான்கு இன்ஜெக்டரையும் மாற்றவில்லை

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: வண்டி நிற்கும்போது என்ஜின் நடுங்குகிறது, 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடித்தது இப்போது 8.6 குடிக்கிறது, கராஜில் நான்கு இன்ஜெக்டரையும் (என்ஜினுக்குப் பெட்ரோலைத் தூவும் சிறு குழல்கள்) மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பாலிஈதர்அமீன் (படிவைக் கரைக்கும் வேதிப்பொருள்) கலந்த கிளீனர் ஒரு பாட்டில் பெட்ரோல் டாங்கில் ஊற்றி, டாங்கை நிரப்பி, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை என்3 சாலையில் போய் வந்தேன். நடுக்கம் பாதி குறைந்தது. அப்புறம் இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி, வேறொரு கடையில் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கச் சொன்னேன். மூன்று நன்றாகத் தூவின. ஒன்று மட்டும் தாரையாகப் பீய்ச்சியது, அளவும் குறைவு. அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அலையால் அழுக்கை நீக்கும் தொட்டி) கழுவிய பிறகு நான்கும் ஒரே அளவு. ஓ-ரிங்குகளை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) மட்டும் புதிதாகப் போட்டார்கள். இப்போது 7.6 லிட்டர்! மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும்போதெல்லாம் வயிறு கலங்கும் நமக்கு இது பெரிய நிம்மதி.

காரணம் என் ஓட்டம்தான் என்று நினைக்கிறேன். என்ஜினை அணைத்ததும், இன்ஜெக்டர் நுனியில் தங்கிய பெட்ரோல் சூட்டில் காய்ந்து பிசினாகப் படியும். பள்ளிக்கும் கடைக்கும் குட்டிக் குட்டியாகப் போய் வந்தால் அது தினமும் பலமுறை நடக்கும்.

ஆனால் என்னுடையது போர்ட் இன்ஜெக்ஷன்; அதாவது, காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தூவப்படும். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வைத் தொடாது. அந்த வால்வில் படிந்த கரிக்காக டாங்கில் கிளீனர் ஊற்றிக் காசை வீணாக்காதீர்கள்.