பாலிஸ்விட்ச் போட்ட பிறகு ட்ரெபிள் போகிறது, பெட்டியும் அதிர்கிறது. எங்கே தப்பு?

நாகலூர் தம்பி:
ஏற்காட்டில் வீட்டிலேயே ப்ளைவுட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்தேன். பேஸுக்கு 8 அங்குல ஊஃபர், ட்ரெபிளுக்கு (கீச்சு ஒலிக்கு) ஒரு ட்வீட்டர், இரண்டும் 8 ஓம். ட்வீட்டர் இரண்டு தடவை எரிந்ததால், 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு அடுத்து 0.5 ஆம்பியர் பாலிஸ்விட்ச் (ட்வீட்டரைக் காக்கும் ஃப்யூஸ் மாதிரி) ஒன்றைத் தொடராகச் சேர்த்தேன். இரண்டையும் ஊஃபருக்குப் பின்னால் சுவரில் க்ளூ கன்னால் ஒட்டி, மேலே பஞ்சு அடைத்தேன். முக்கால் மணி நேரம் சத்தமாகப் பாட்டு வைத்தால் ட்ரெபிள் செத்துவிடுகிறது. அணைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி வருகிறது. இப்போது பேஸ் அடிக்கும்போது ‘டர்ர்’ சத்தம் வேறு. கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டாரா?

செவ்வாய்ப்பேட்டையான்:
டூப்ளிகேட் இல்லை தம்பி, அது தன் வேலையைத்தான் செய்கிறது. கரண்ட் அளவு மீறினால் சூடாகி மின்தடை ஏறும், ஆறினால் இறங்கும். அது துண்டிக்கும் நேரத்தில் அதன் உடம்பு 100 டிகிரியைத் தாண்டும். க்ளூவுக்கு அந்தச் சூடே போதும், வெண்ணெய் மாதிரி இளகிவிடும். பக்கத்தில் ஒட்டிய கெப்பாசிட்டரும் கழன்று பலகையில் தட்டுகிறது என்று நினைக்கிறேன். பஞ்சு மூடியிருப்பதால் இன்னும் சீக்கிரம் துண்டிக்கும்.

சின்ன ப்ளைவுட் துண்டு எடு. கெப்பாசிட்டரைப் படுக்கவைத்து இரண்டு கேபிள் டையால் இறுக்கு. பாலிஸ்விட்சை மட்டும் ஒட்டாதே, ஷ்ரிங்க் ட்யூபும் (சூட்டில் சுருங்கும் உறை) மாட்டாதே. சூட்டில் அது கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் வேண்டும். அதன் கம்பிக் கால்களை அரை அங்குலம் விட்டு சாலிடர் செய், பஞ்சு தொடக்கூடாது. துண்டைப் பின்பக்க டெர்மினல் ஓரமாக, ஊஃபர் காந்தத்தை விட்டுத் தள்ளி, ஸ்க்ரூ போட்டு முடுக்கு.

நாகலூர் தம்பி:
சரிண்ணா. 0.75 ஆம்பியர் போட்டால் துண்டிக்காதா?

அம்மாபேட்டை அக்கா:
போடாதே. 8 ஓமில் 0.5 ஆம்பியர் என்றால் 2 வாட், 0.75 என்றால் 4.5 வாட். இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இரண்டு ட்வீட்டர் போயிருக்கிறது! ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகி வைக்கிறாயா? கிளிப்பிங்கில் (ஆம்ப்ளிஃபையர் தாங்காமல் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்போது) ட்வீட்டருக்குப் போகும் சக்தி ஏறிவிடும். முதலில் வால்யூமைக் குறைத்துப் பார்.

நாகலூர் தம்பி:
அண்ணா சொன்னபடி மாற்றிவிட்டேன். வால்யூம் முக்கால்வாசியில், இரண்டு மணி நேரம் ஓடியும் ட்ரெபிள் நிற்கிறது. ‘டர்ர்’ பாதி குறைந்தது. மீதி, டெர்மினல் தட்டின் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்திருந்ததால் வந்தது. அப்பா விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார்.